நீலச் சாமந்தி கருவறைக்குள் போகலாமா?

சாமந்தியில் மஞ்சள் உண்டு, வெள்ளை உண்டு, அரக்கு உண்டு, ஊதா கூட உண்டு. நீலம் மட்டும் கிடையாது. கேமரன் மலையிலிருந்து லோரியில் இறங்கிவந்து, பிரிக்ஃபீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலைப் பூக்கடைகளில் குவியும் சாமந்தியைக் கிளறிப் பார்த்தாலும் நீலம் தென்படாது. தென்பட்டால் அது சாயம். தண்ணீரில் கலந்த நிறத்தைத் தண்டு உறிஞ்சியிருக்கிறது என்று அர்த்தம்.

2017-இல் ஜப்பானின் தேசிய வேளாண் உணவு ஆய்வு நிறுவனமும் சன்டோரி நிறுவனமும் சேர்ந்து, சாயம் இல்லாமல் தானாகவே நீலமாகப் பூக்கும் சாமந்தியை உருவாக்கியதாக அறிவித்தன. அதற்கு இரண்டு மரபணுக்கள் தேவைப்பட்டன. ஒன்று, கேம்பனுலா என்ற மணி வடிவப் பூச்செடியிலிருந்து எடுத்தது. மற்றொன்று நம்முடைய சங்குப்பூவிலிருந்து. கிள்ளான் பக்கத்து வீட்டு வேலிகளில் படர்ந்து கிடக்கிறதே, மலாய்க்காரர்கள் புங்கா தெலாங் என்று சொல்லி நாசி கெராபு சோற்றுக்கு நீலம் ஏற்றுகிறார்களே, சிவபூசைக்கு உகந்தது என்று நம் வீடுகளில் பறிக்கிறார்களே, அதே சங்குப்பூ. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிய தொண்ணூற்றொன்பது பூக்களில் கருவிளை என்று வருவதும் இதுதான்.

சிவனுக்குரிய பூவின் மரபணு சாமந்திக்குள் போயிருக்கிறது. அந்தச் சாமந்தியை ஸ்காட் சாலைக் கந்தசாமி கோயிலில் கொண்டுபோய்க் கொடுத்தால் குருக்கள் வாங்கி அருச்சிப்பாரா, திருப்பிக் கொடுப்பாரா? இன்றைக்கு இது கற்பனைக் கேள்விதான், அந்தச் சாமந்தி இன்னும் சந்தைக்கு வரவில்லை. ஆனால் இதன் உறவினர்கள் வந்துவிட்டார்கள். பெட்டூனியாவின் நிற மரபணுவை ஏற்றி, ஆஸ்திரேலியாவின் ஃபுளோரிஜீன் நிறுவனம் 1996-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த ஊதாக் கார்னேஷனின் வழிவந்த வகைகளை வெட்டுப்பூவாக இறக்குமதி செய்ய மலேசியாவின் தேசிய உயிரியல் பாதுகாப்பு வாரியம் அனுமதி கொடுத்திருக்கிறது. கார்னேஷன் மாலைகட்டிகளுக்குப் புதிய பூ அல்ல. ஆக, கேள்வி வாசலுக்கு வந்துவிட்டது.

இதே நாட்டில் இன்னொரு சமயம் இப்படியொரு கேள்வியை முன்பே எதிர்கொண்டிருக்கிறது. பன்றியின் மரபணு கலந்த உணவு ஆகாது என்று 1999-இலேயே மலேசியாவின் தேசிய ஃபத்வா குழு முடிவு சொல்லிவிட்டது. அங்கே பார்க்கப்பட்டது மூலம்: எந்த உயிரிடமிருந்து வந்தது? இந்துக் கோயில்களுக்கு அப்படி ஓரிடத்தில் உட்கார்ந்து எல்லோருக்கும் விதி சொல்லும் பீடம் கிடையாது. ஒவ்வொரு கருவறை வாசலிலும் ஒவ்வொரு குருக்கள் தீர்மானிக்க வேண்டியதுதான். தீர்மானிக்க அவருக்கு ஆகமம் இருக்கிறது, வழக்கம் இருக்கிறது, பதினாறாம் நூற்றாண்டில் கமலை ஞானப்பிரகாசர் எழுதிவைத்த புட்பவிதி போன்ற நூல்கள் இருக்கின்றன.

அந்த விதிகளைப் புரட்டுகிறவருக்கு ஒரு வியப்பு காத்திருக்கிறது. எந்தத் தேவருக்கு எந்தப் பூ என்ற பட்டியல் ஒருபுறம் இருக்கட்டும், விலக்குகளைப் பாருங்கள். உதிர்ந்த பூ ஆகாது. வாடியது, பழையது ஆகாது. புழு அரித்தது, மயிர் பட்டது, சிலந்திக் கூடு கட்டியது ஆகாது. முகர்ந்தது ஆகாது. குளிக்காமல் பறித்தது ஆகாது. களவாடியது ஆகாது. (தாமான் வீடுகளில் விடியற்காலையில் பக்கத்து வீட்டுச் செம்பருத்தி காணாமல் போவதை இந்த விதி இன்றுவரை தடுக்கவில்லை என்பது வேறு விஷயம்.) இத்தனை விலக்குகளில் பூவின் பிறப்பைப் பற்றியது ஏறக்குறைய ஒன்றுமில்லை. பறித்த கை எப்படிப்பட்டது, பறித்த நேரம் எது, பறித்தபின் என்ன ஆயிற்று என்பதே விசாரணை. அவ்வளவு புகழ்பெற்ற தாழம்பூ விலக்குகூட அப்படித்தான். சிவனின் முடியைக் கண்டதாகப் பிரமன் சொன்ன பொய்க்குச் சாட்சி சொன்னது என்பதால் தாழம்பூ தள்ளிவைக்கப்பட்டது என்கிறது புராணம். குற்றம் அதன் மணத்திலும் இல்லை, முள்ளிலும் இல்லை. பொய்ச்சாட்சியில்.

பெரியபுராணத்தில் இந்தக் கண்டிப்பின் உச்சம் செருத்துணையார் கதை. திருவாரூர்க் கோயில் பூமண்டபத்தின் பக்கம் விழுந்து கிடந்த பூவை எடுத்து முகர்ந்தாள் என்பதற்காகக் கழற்சிங்க மன்னனின் தேவியின் மூக்கை அவர் அறுத்தார். பூவை முதலில் எடுத்தது கையல்லவா என்று கையை வெட்டினான் அரசன். இன்றைக்குப் படித்தால் நடுங்க வைக்கும் கதை. அதே தமிழ்நாட்டில், தான் சூடிப் பார்த்த மாலையைப் பெருமாளுக்குக் கொடுத்த கோதையைத் தெய்வமாக்கியதும் நடந்தது. சித்திரைத் திருவிழாவில் மதுரைக்கு வரும் அழகருக்கு இன்றும் சீவில்லிபுத்தூரிலிருந்து அவள் சூடிய மாலை போகிறது. விதி ஒருபக்கம் கத்தியோடு நிற்கிறது, அன்பு இன்னொரு பக்கம் அதைத் தாண்டிப் போகிறது. இரண்டுமே கேட்பது பூவை ஏந்திய மனிதரைப் பற்றித்தான்.

“இயற்கையாக இருந்தால்தான் சாமிக்கு” என்று பலர் சொல்கிறார்கள். கேட்பதற்குச் சரியாகத்தான் படுகிறது. ஆனால் கோயில் மாலையில் இருக்கும் பூக்களில் எது இயற்கை?

செம்பருத்தியையே எடுத்துக்கொள்வோம். பிள்ளையாருக்கும் காளிக்கும் உகந்தது. மலேசியாவின் தேசிய மலரும் அதுதான். 1958-இல் வேளாண் அமைச்சு தேசிய மலருக்காகப் பரிந்துரைத்த பூக்களில் மல்லிகை, தாமரை, ரோஜா, செண்பகம், மகிழம்பூ, கெனாங்கா ஆகியவையும் இருந்தன. பட்டியலில் பெரும்பாதி நம் கோயில் நந்தவனம்! கடைசியில் 1960 ஜூலையில் துங்கு அப்துல் ரஹ்மான் அறிவித்தது செம்பருத்தியை. பின்னாளில் அதன் ஐந்து இதழ்களும் ருக்குன் நெகாராவின் ஐந்து கோட்பாடுகளைக் குறிப்பதாகக் கொண்டார்கள். அவற்றில் முதலாவது இறை நம்பிக்கை. லின்னேயஸ் 1753-இல் இந்தச் செடிக்குச் சீனத்து ரோஜா என்று பொருள்படும் பெயரை வைத்துவிட்டுப் போனார். ஆனால் சீனக் காடுகளிலோ வேறு எந்தக் காட்டிலோ தானாக வளரும் செம்பருத்தியை யாரும் கண்டதில்லை. அண்மை ஆண்டுகளில் பசிபிக் தீவுகளின் செம்பருத்தி இனங்களை மரபணுக் குறியீடுகளோடு ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வாளர்கள் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறார்கள். வனுவாட்டுத் தீவுகளின் ஓர் இனமும் தாஹிட்டி பக்கத்துத் தீவுகளின் ஓர் இனமும், ஐரோப்பியர் வருவதற்கு வெகுகாலம் முன்பு, பாலினேசியக் கடலோடிகளின் கையில் கலந்து பிறந்ததே நம் செம்பருத்தி என்கிறார்கள். மனிதர் கை படாத செம்பருத்தி என்று ஒன்று இருந்ததே இல்லை. கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் கட்டித் தொங்கும் செம்பருத்தி மாலைக்குப் பின்னால் பெயர் தெரியாத ஒரு தீவுத் தோட்டக்காரர் இருக்கிறார்.

செண்டுப்பூ மெக்சிகோவிலிருந்து வந்தது. அஸ்தெக்குகள் தங்கள் தெய்வங்களுக்கும் இறந்தோருக்கும் வைத்த பூ. நம் மாலைகளில் அது ஏறி ஐந்நூறு ஆண்டு ஆகியிருக்காது. நாகலிங்கப்பூவின் கதை இன்னும் வேடிக்கை. நடுவே லிங்கம், மேலே படமெடுத்த நாகம் என்று சிவாலயங்களில் வணங்கி நிற்கிறோம். அந்த மரத்தின் சொந்த ஊர் தென்னமெரிக்கக் காடு. தேவாரம் பாடியவர்கள் கண்ணில் அது பட்டிருக்க வாய்ப்பே இல்லை. அந்நியப் பூ என்று யாரும் அதைத் தள்ளவில்லை. உருவத்தைப் பார்த்தார்கள், உள்ளே அழைத்துக்கொண்டார்கள். இதை ஏமாளித்தனம் என்று சொல்லத் தோன்றவில்லை. நம் வழிபாட்டு மரபின் பெருந்தன்மை அது.

இனி அடுக்குப் பூ. அடுக்குச் செம்பருத்தி ஒன்றைக் கையிலெடுத்து மெல்லப் பிரித்துப் பார்க்கலாம். ஒற்றைச் செம்பருத்தியில் ஐந்து இதழ், நடுவே நீட்டிக்கொண்டிருக்கும் தண்டு, அதன்மேல் மகரந்தப் பைகள், நுனியில் ஐந்து சிவந்த பொட்டு. அடுக்கில் அந்த நடுத்தண்டு சிதறிப்போய் இதழாக விரிந்திருக்கும். உள்ளே போகப் போகச் சில துண்டுகள் அரைகுறையாக நிற்கும். ஒரு ஓரம் இதழ், மறு ஓரத்தில் மஞ்சள் மகரந்தப் பொடி ஒட்டிய பை. மகரந்தத் தாளாக வேண்டியது இதழாகப் பாதி வழி போய் நின்றுவிட்டது. ஜெர்மானியக் கவி கெதே இப்படிப்பட்ட அடுக்குப் பூக்களைப் பார்த்துத்தான், பூவின் எல்லா உறுப்புகளும் ஒரே உறுப்பின் வேற்றுருவங்கள் என்று 1790-இல் எழுதினார். அவர் சொன்னதை மரபணு அளவில் காட்ட இருநூறு ஆண்டு பிடித்தது. எந்த மரபணு எந்த வட்டத்தில் இயங்கினால் புறவிதழ், அகவிதழ், மகரந்தத் தாள், சூலகம் உருவாகும் என்ற கணக்கை 1991-இல் கோயனும் மேயரோவிட்ஸும் முன்வைத்தார்கள். மகரந்தத் தாளைச் செய்யச் சொல்லும் மரபணு சோர்ந்தால் அந்த இடத்தில் இதழ் முளைக்கும். நம் அடுக்கு மல்லியும் அடுக்கு நந்தியாவட்டையும் அந்த வகைக் கோளாறுகளின் குழந்தைகள்தான். இனப்பெருக்கத்துக்குத் தேவையான உறுப்பை இழந்த செடி காட்டில் பிழைக்காது. மனிதர் அழகென்று பார்த்துப் பதியன் போட்டதால் பிழைத்தது, கோயிலுக்கும் வந்தது. ஐந்து இதழ் ஐந்து கோட்பாடு என்ற கணக்கும் அடுக்குச் செம்பருத்தியிடம் செல்லாது.

இங்கே மல்லிகை ஒரு நல்ல தத்துவச் சிக்கலைக் கொண்டுவருகிறது. விமானத்தில் கோலாலம்பூர் வந்திறங்கி முழக்கணக்கில் விற்கும் மல்லிகை, விதையிலிருந்து வளர்வதில்லை. போத்து வெட்டி நடுகிறார்கள், பதியன் போடுகிறார்கள். 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லியும் இப்படித்தான் பெருகுகிறது. போத்து நட்டு வளர்ந்த செடியின் மரபணுவும் தாய்ச்செடியின் மரபணுவும் ஒன்றே. அப்படியென்றால் ஒரு தோட்டத்தில் நிற்கும் ஆயிரம் செடி ஆயிரம் உயிரா, ஆயிரம் இடத்தில் வேரூன்றிய ஓர் உயிரா? செடியை ஓரறிவுயிர் என்றது தொல்காப்பியம். புல்லாகிப் பூடாகிப் பிறக்கும் உயிர்களில் ஒன்றாகச் செடியைப் பார்க்கிறது சைவம். போத்தை வெட்டும்போது உயிரும் இரண்டாகிறதா?

சைவ சித்தாந்தம் இதற்கு ஒரு தெளிவான பாதை போட்டிருக்கிறது. உயிர் அநாதி, அதை யாரும் படைக்கவில்லை, பிளக்கவும் முடியாது. அது வந்து தங்க மாயையிலிருந்து தனு, கரணம், புவனம், போகம் ஆகிய நான்கும் தரப்படுகின்றன. தனு என்றால் உடம்பு. மரபணு எவ்வளவு நுண்ணியதாக இருந்தாலும் தனுவைச் சேர்ந்ததே. போத்து வெட்டும்போது பிரிவது தனு; புதுத் தனுவில் புது உயிர் வந்து தங்குகிறது என்று சொல்லிவிடலாம். அதே தருக்கத்தில், சங்குப்பூவின் ஒரு மரபணு சாமந்திக்குப் போனால் போனது சங்குப்பூவின் ஆன்மா அல்ல, மாயையின் ஒரு துணுக்கு. சிவனின் பூவைத் திருடி வேறு பூவில் அடைத்துவிட்டார்கள் என்ற பதற்றத்துக்குச் சித்தாந்தத்தில் இடமில்லை. ஆய்வுக்கூடத்தில் ஒருவர் படைப்புத் தொழிலைக் கையில் எடுத்துக்கொண்டார் என்ற பேச்சுக்கும் இடமில்லை. குயவன் மண்ணைப் பிசைவதால் பிரமனாகிவிடுவதில்லை.

இதை மறுக்க ஒருவர் உண்டு. தாயுமானவர். பூசை செய்யப் பூவைப் பார்த்தால் அந்தப் பூவுக்குள்ளேயே நீ இருக்கிறாய், பனி ஒட்டிய அந்த மலரைக் கிள்ள மனம் வரவில்லை என்று இறைவனிடம் சொன்னவர். அவரிடம் போய் மரபணுவைத் திருத்தலாமா என்று கேட்டால், கிள்ளுவதே கூடாது என்கிறேன், நீ வெட்டி ஒட்டுவதைப் பற்றிக் கேட்கிறாயே என்பார். அந்த நிலைக்கு வந்தவருக்கு நீலச் சாமந்தியும் வேண்டாம், மஞ்சள் சாமந்தியும் வேண்டாம். மற்றவர்கள் கிள்ளிக்கொண்டுதான் இருக்கிறார்கள். கிள்ளுகிறவர்கள் மரபணு விஷயத்தில் மட்டும் தாயுமானவரைத் துணைக்கு அழைப்பது கொஞ்சம் வசதியான பக்தி.

ஆய்வு நடக்கும் இடங்களும் நமக்குத் தொலைவில் இல்லை. பத்துமலையில் கொம்யூட்டர் ரயில் ஏறினால் கே.எல். சென்ட்ரல் வரும், அதே தடத்தில் செர்டாங் வரும், அப்பால் பாங்கி வரும். தைப்பூசத்துக்குக் காவடி ஏறும் மலையும், பிரிக்ஃபீல்ட்ஸ் பூக்கடைகளும், புத்ரா பல்கலைக்கழகமும், மார்டி வேளாண் ஆய்வு நிறுவனமும், அணுசக்தி நிறுவனமும் ஒரே தண்டவாளத்தின் அக்கம்பக்கத்தில் இருக்கின்றன. பாங்கியில் உள்ள மலேசிய அணுசக்தி நிறுவனம் காமா கதிர் பாய்ச்சி டென்ட்ரோபியம் ஆர்கிட்டில் புதிய நிறங்களையும் வடிவங்களையும் வரவழைத்திருக்கிறது. கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் பிச்சிப்பூவில் கோ.2 ரகத்தைக் கொண்டுவந்ததும் காமா கதிர் வழியாகத்தான். கதிர் எந்த மரபணுவைத் தாக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஆயிரக்கணக்கில் பாய்ச்சி, நல்லதாகத் தேறியதை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். இப்படி வந்த பூவுக்கு மலேசியாவின் 2007-ஆம் ஆண்டு உயிரியல் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அனுமதி வேண்டியதில்லை. குறிபார்த்து ஒரே ஒரு மரபணுவை ஏற்றினால் வேண்டும். சட்டத்துக்கு அதற்கான காரணங்கள் இருக்கலாம். பக்திக்கு இந்தப் பிரிவினை பொருந்துவதாகத் தெரியவில்லை. கதிர் பட்ட பிச்சியை யாரும் சந்நிதியில் தடுத்ததில்லை.

தலச்சேரியில் பிறந்து கோயம்புத்தூரில் கரும்பு ஆராய்ந்த ஜானகி அம்மாளையும் இங்கே நினைக்க வேண்டும். இரண்டாம் உலகப் போருக்குப் பின் இங்கிலாந்தின் விஸ்லி தோட்டத்தில் கால்சிசின் என்ற வேதிப்பொருளால் மக்னோலியா நாற்றுகளின் குரோமோசோம்களை இரட்டிப்பாக்கினார். அவர் பெயரிலேயே ஒரு மக்னோலியா இருக்கிறது. நம் செண்பகமும் ஒரு மக்னோலியாதான். மிசேலியா என்று தனியாக வைத்திருந்ததை டி.என்.ஏ. ஒப்பீடு வந்தபின் தாவரவியலார் மக்னோலியாவோடு சேர்த்துவிட்டார்கள். கால்சிசின் எதில் கிடைக்கிறது தெரியுமா? முருகனுக்குரிய செங்காந்தளின் கிழங்கிலும் விதையிலும்.

இவ்வளவு சொன்னபின் மரபணு மாற்றிய பூவுக்கு முழு வரவேற்புப் பத்திரம் வாசித்துவிடலாமா? அவசரம் வேண்டாம். பழைய விதிகள் பிறப்பைக் கேட்கவில்லை, நடத்தையைக் கேட்டன என்றால், அதே கேள்வியை ஆய்வுக்கூடத்திடமும் வியாபாரியிடமும் கேட்டுத்தான் ஆக வேண்டும். அங்கேதான் சிக்கல் ஆரம்பிக்கிறது.

முதலாவது, பொய்ச்சாட்சி. 2015-இல் ஹெல்சிங்கி ரயில் நிலையத்தருகே ஒரு தொட்டியில் ஆரஞ்சு நிறப் பெட்டூனியாக்களைத் தாவர விஞ்ஞானி டீமு டீரி பார்த்தார். பெட்டூனியாவுக்கு ஆரஞ்சு இயல்பில் கிடையாது என்பது அவருக்குத் தெரியும். எடுத்துப்போய்ச் சோதித்தார். 1987-இல் ஜெர்மனியின் கொலோன் நகர ஆய்வாளர்கள் பெட்டூனியாவில் ஏற்றிய மக்காச்சோள மரபணு உள்ளே இருந்தது. அது எப்படியோ நாற்றங்கால் வியாபாரத்துக்குள் நுழைந்து, யாரும் அறிவிக்காமல் பல நாடுகளில் விற்றுக்கொண்டிருந்தது. 2017-இல் பின்லாந்து அரசு நடவடிக்கை எடுத்தது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் செடிகளை அழித்தார்கள். அந்தப் பூவால் யாருக்கும் கெடுதல் வந்ததாகச் செய்தி இல்லை. குறை என்னவென்றால், தான் யார் என்று சொல்லாமல் அது உள்ளே வந்தது. தாழம்பூவின் குற்றமும் இதே ரகம்.

இந்த அளவுகோலை வைத்தால் சாயம் ஏற்றிய நீல ஆர்கிட் மரபணு மாற்றிய கார்னேஷனைவிட மோசமான இடத்தில் நிற்கும். ஊதாக் கார்னேஷன் தன் உடம்பாலேயே ஊதா. சாயப் பூ வேறு ஒன்றாக நடிக்கிறது. கடையில் “அக்கா, இது உண்மையிலேயே இந்த நிறந்தானா?” என்று கேட்டால், “சாமிக்குத்தானே தம்பி, பளிச்சென்று இருக்கட்டும்” என்று பதில் வரும். அந்த அக்காவைக் குறை சொல்ல முடியாது. வாங்குகிறவர் கேட்பது பளிச்சென்ற நிறத்தைத்தான்.

இரண்டாவது, களவு. நீல நிற மரபணுக்கள் காப்புரிமைக்குள் இருப்பவை. சன்டோரி 2009-இல் ஜப்பானில் வெளியிட்ட நீல ரோஜா ஒரு தண்டு இரண்டாயிரம் முதல் மூவாயிரம் யென் வரை விற்றது. அத்தகைய செடியின் போத்தை வெட்டிப் பக்கத்து வீட்டு அம்மாவுக்குக் கொடுக்க யாருக்கும் உரிமை இல்லை. போத்து கைமாறியதால்தான் மல்லியும் செம்பருத்தியும் ஏழை வீட்டு வாசல்வரை வந்தன. ஒரு பச்சிலை போதும் இறைவனுக்கு என்று திருமூலர் சொல்ல முடிந்ததும் அந்தப் பச்சிலை எல்லோருக்கும் கிடைத்ததால்தான். மறுபுறம், சங்குப்பூவின் மரபணுவுக்கு யார் யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்? வேலியில் அதைத் தலைமுறை தலைமுறையாக வளர்த்தவர்கள் இந்தோனேசியாவிலும் மலாயாவிலும் தமிழ்நாட்டிலும் இருக்கிறார்கள். உயிரியல் வளங்களை எடுப்பதற்கும் பயனைப் பகிர்வதற்கும் மலேசியா 2017-இல் ஒரு சட்டம் இயற்றியிருக்கிறது. தாவரத்தை எடுத்துப்போய்ச் சம்பாதிப்பவர், அதைப் பேணியவர்களுக்குப் பங்கு தர வேண்டும் என்பதே அதன் சாரம். கேட்காமல் பறித்த பூ ஆகாது என்ற விதிக்கும் இதற்கும் அதிக தூரமில்லை.

மூன்றாவதைப் பிரிக்ஃபீல்ட்ஸிலேயே வேறொரு வாசலில் நின்று யோசிக்கலாம். பெர்ஹாலா சாலையில் 1894-இல் தொடங்கிய பௌத்த மகா விகாரை இருக்கிறது. அங்கே புத்தர் முன் பூ வைப்பவர், இந்தப் பூ வாடுவதுபோல இந்த உடம்பும் வாடும் என்று நினைத்துக்கொண்டு வைக்க வேண்டும். அங்கே பூவின் வேலை வாடுவது. 1990-களிலேயே ஃபுளோரிஜீன், வாடச் செய்யும் எத்திலீன் வாயு பூவுக்குள் உற்பத்தியாவதைக் குறைத்து, ஜாடியில் அதிக நாள் தாங்கும் கார்னேஷனை மரபணு வழியில் உருவாக்கிவிட்டது. பூ வியாபாரிக்கு அது வரம். விகாரையில் அது தன் வேலையைத் தள்ளிப்போடும் பூ. சைவ, வைணவக் கோயில்களுக்கும் இதில் யோசிக்க விஷயம் உண்டு. வாடிய பூ ஆகாது என்ற விதி, தினமும் விடியலில் எழுந்து கோட்டுப்பூ, கொடிப்பூ, நீர்ப்பூ, நிலப்பூ என்று தேடிப் பறித்து மாலை தொடுத்த திருப்புகலூர் முருக நாயனார் போன்றவர்களின் உழைப்பைக் கேட்கிறது. இரண்டு வாரம் வாடாத பூவை ஒரே நாளில் வாங்கிச் சார்த்திவிட்டால் விதி மீறப்படவில்லை. தொண்டு காணாமல் போகிறது.

வேகம் பற்றியும் ஒரு வார்த்தை. எட்டாம் நூற்றாண்டில் ஜப்பானுக்குப் போன காலைமலர்க் கொடியில் வெள்ளைப் பூ தோன்ற எண்ணூற்றைம்பது ஆண்டு ஆனது என்கிறார்கள். 2017-இல் கிரிஸ்பர் என்ற மரபணுத் திருத்த முறையில் ஒரு மரபணுவை முடக்கி அதே வெள்ளையை ஓராண்டுக்குள் கொண்டுவந்தார்கள். இதைப் பார்த்து மனிதன் எல்லாம் அறிந்துவிட்டான் என்று நினைப்பவர்களுக்குப் பெட்டூனியா வேறொரு பாடம் வைத்திருக்கிறது. 1990-இல் ஊதாவை இன்னும் அடர்த்தியாக்க ஒரு நிற மரபணுவைக் கூடுதலாகப் புகுத்தினார்கள். பூ வெளுத்துவிட்டது! செடி தன் சொந்த மரபணுவையும் சேர்த்து அடக்கிக்கொண்டது. அந்தப் புதிரைத் தொடர்ந்த தேடல்தான், புழுவில் இந்த அடக்குதலின் இயக்கத்தைக் கண்ட ஃபயருக்கும் மெல்லோவுக்கும் 2006-இல் நோபல் பரிசு வரைக்கும் போனது.

நீலச் சாமந்தி சந்தைக்கு வராததற்கும் ஒரு காரணம் உண்டு. ஜப்பானின் காட்டுச் சாமந்திகளோடு அது கலந்துவிடக்கூடும் என்பதால், கலக்க முடியாதபடி அதை மலடாக்கும் வேலையை ஆய்வாளர்கள் மேற்கொண்டார்கள். அந்தப் பொறுமை பாராட்டத்தக்கது. அது ஒருநாள் வந்தால், தன் பெயரைச் சொல்லிக்கொண்டு வந்தால், கருவறைக்குள் அதைத் தடுக்க நம் நூல்களில் காரணம் இல்லை.

கிள்ளானிலும் கோலாலம்பூரிலும் உள்ள கோயில் நிர்வாகங்கள் இப்போதே ஒன்று செய்யலாம். பூ ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்கட்டும்: பூவுக்குச் சாயம் ஏற்றியிருந்தாலும், மரபணு மாற்றிய வகையாக இருந்தாலும், கொடுப்பவர் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். வீட்டுக்குப் பூ வாங்குகிறவர்களும் கடையில் அதைக் கேட்கலாம். கேட்கிறவர்கள் பெருகினால் கடைக்காரர்களும் மொத்த வியாபாரியிடம் கேட்பார்கள்.